உள்ளிப் பாத்தியின் மேல் புல்

டிரைவ்வேயில் யாரோ புல்லை இறக்கிவிட்டுப் போயிருந்தார்கள். வேரோடும் மண்ணோடும் பெயர்த்துப் பாய் மாதிரிச் சுருட்டிய பச்சைப் புல், மரத்தட்டின் மேல் இடுப்பளவு உயரத்துக்கு அடுக்கிக் கிடந்தது. முதியோர் இல்லத்துச் சமையலறையில் காலை வேலை முடித்து பஸ்ஸில் வந்திறங்கிய கிளடிஸ், வீடு மாறி இறக்கிவிட்டார்கள் என்றே நினைத்தாள். வீட்டு முன்பக்கத்துப் புல் கருகிப்போச்சென்று கோடை முழுக்கப் புலம்பியவன் பக்கத்து வீட்டு றிஸ்விதான். அவனுடையதாக இருக்கும். ஓரச் சுருள்கள் மஞ்சள் பிடிக்கத் தொடங்கியிருந்தன. பாவம், காசு கொடுத்து வாங்கினது என்று, உடுப்புக்கூட மாற்றாமல் குழாயை இழுத்து வந்து தண்ணீர் அடித்தாள்.

றிஸ்வியின் தாய் ரஹ்மத்தும்மா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"உங்கட புல்லு வந்திட்டுது. காயுது எண்டு தண்ணி விடுறன்."

"எங்கட இல்லையே! பேனாட் அண்ணன்தான் காலையிலை நிண்டு இறக்கினவர்." ரஹ்மத்தும்மா தயங்கினாள். "வீடு விக்கேக்க பின்வளவு பச்சையா இருக்கோணுமாமே. நீங்க போறது எங்களுக்கும் கவலைதான் கிளடிஸ்."

குழாயைப் பூட்ட மறந்து நின்றாள். சப்பாத்துக்குள் தண்ணீர் இறங்கிச் சில்லிட்டபோதுதான் கையில் குழாய் இருப்பதே தெரிந்தது. எறிந்துவிட்டுப் பின்வளவுக்கு ஓடினாள்.

புடலம் பந்தலைக் காணவில்லை. இரவில் உறைபனி விழாமல் பழைய பெட்சீற்றால் போர்த்தி வைத்திருந்த மிளகாய்க் கன்றுகள் காயோடு பிடுங்கப்பட்டு மூலையில் கிடந்தன. உள்ளிப்பூண்டுப் பாத்தியின் வைக்கோல் வழிக்கப்பட்டு, மேல்மண் மட்டமாக இழுத்துவிடப்பட்டிருந்தது. இந்த வீட்டுக்கு வந்தபோது இங்கே களிமண் தவிர ஒன்றுமில்லை. இந்த வோபர்ன் வட்டாரத்தில் ஒவ்வொரு இலையுதிர் காலமும் அயலார் கடதாசிப் பைகளில் கட்டித் தெருவோரம் வைத்த இலைகளை, பார்க்கிறவர்கள் சிரிக்கச் சிரிக்கத் தூக்கி வந்து உக்கவைத்து அவள் உண்டாக்கிய மண் அது. போன சனிக்கிழமைதான் உள்ளி நட்டாள். குளிருக்கு முன் நட்டால் பனிக்குக் கீழே கிடந்து ஜூலையில் கிண்டலாம். கவிழ்த்த வாளியின் மேல் குந்தியிருந்து பல்லுப் பல்லாகப் பிரித்துக் கொடுத்தவர் புருஷன் பேனாட்தான். "இந்த முறை நல்லாப் பருத்து வரும்" என்றும் சொன்னார்.

முழங்காலில் மெத்தை கட்டிக்கொண்டு, கத்தியோடு கராஜுக்குள்ளிருந்து பேனாட் வந்தார்.

"வந்திட்டீரே? நிலம் இறுக முதல் புல்லு வேர் பிடிக்கோணும். கௌசி படம் எடுக்க வரப்போறா."

"எந்தக் கௌசி?"

"கோயில்லை பாட்டுப் படிக்கிற பிள்ளை. இப்ப வீடு வித்துக் குடுக்கிறா. பாத்தியைக் கண்டா வாங்க வாற ஆக்கள் திரும்பிப் போயிடுவினமாம்."

"என்ரை வீட்டை விக்கிறது வேலிக்கு அங்காலை தெரியுது. எனக்குத் தெரியாது."

"சொன்னா நீர் சத்தம் போடுவீர்."

"இப்ப என்ன, தாலாட்டே பாடுறன்?"

பேனாட் கத்தியை மடக்கினார்.

"மகளுக்குத் தெரியுமோ?"

"அன்ரனெற்தான் அஜக்ஸிலை தங்கடை வீட்டுக்குப் பக்கத்திலை ஒண்டு பாத்தவ. எனக்கும் படி ஏற முழங்கால் ஏலாது."

"முழங்கால் ஏலாத மனுசன் பந்தலைப் பிடுங்கியிருக்கிறார்! சனிக்கிழமை உள்ளிப் பல்லு எடுத்துத் தரேக்க வாயுக்குள்ளை என்ன, கொழுக்கட்டையே?"

"அண்டைக்கு நீர் சந்தோசமா இருந்தனீர். அதுதான் சொல்லேல்லை."

இதோடு பார்க்க, அதுவரை இருந்த கோபம் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது. மறைத்ததைக்கூடப் பொறுக்கலாம். அவள் குனிந்து குனிந்து நட்டதை, இரக்கத்தோடு பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

"நான் கையெழுத்துப் போடாம ஆர் விக்கிறது எண்டு பாப்பம்."

"அதுக்கு நாள் கிடக்கு. புல்லுக்கு நாளில்லை."

அவர் முதல் சுருளைத் தூக்கி வந்து உள்ளிப் பாத்தியின் மேல் விரித்து, உள்ளங்கையால் தட்டித் தட்டி அமத்தினார். இரண்டாவதை எடுத்து வந்தபோது முதலாவது மறுபடி சுருண்டு சுவரோடு கிடந்தது. கிளடிஸின் வேலைச் சட்டை முழுக்கச் சேறு. பேனாட் வேலிப் பக்கம் முழந்தாளிட்டு இரண்டாவதை விரிக்கத் தொடங்கினார். அவளும் முழந்தாளிட்டு, அவர் விரித்துக்கொண்டு போன புல்லை வால் பக்கத்திலிருந்து சுருட்டிக்கொண்டு போனாள். ரஹ்மத்தும்மா வீட்டு மேல் ஜன்னலில் திரை விலகியது. இருவர் வாயிலிருந்தும் புகை புகையாக மூச்சு வந்தது.

நுனிக்குப் போன பேனாட் திரும்பிப் பார்த்து, அந்த ஓரத்தை இறுக்கிப் பிடித்தார்.

"விடும் கிளடிஸ். கிழியப் போகுது."

"கிழியட்டும்."

இருவரும் விடவில்லை. நடுவில் புல் நிலத்தை விட்டு எழும்பி நின்றது. அதன் அடியிலிருந்து மண் கட்டி கட்டியாக உதிர, வெள்ளை வேர்கள் நூல் நூலாக இழுபட்டுத் தெரிந்தன.