பாய்லருக்குக் காய்ச்சிய கஞ்சி

எஞ்சினில் தண்ணீர் வற்றினால் பாய்லர் வெடிக்கும். வெடித்தால் முதலில் சாகிறவன் அடுப்பு வாயில் நின்று நெருப்புப் போடுகிறவன். எங்கள் பழைய எஞ்சினுக்கு நெருப்புப் போட்டவன் அழகர், என் தங்கை வேலாயியின் புருஷன். அதனால்தான் அதில் தண்ணீர் எங்கே ஒழுகுகிறது என்று மூன்று நாள் விடாமல் தேடினேன்.

கண்டிக்கு ரயில்பாதை போட்டபோது மண் இழுக்க வந்த எஞ்சின் அது. பத்து வருஷம் கழித்தும் அதன் தலையில் கோப்பிக்கொட்டை மூட்டையைக் கட்டியிருந்தார்கள். எஞ்சின் கொட்டகையில் அதைப் பழுது பார்க்கும் பிட்டர் நான். மலையேறிக் கடுகண்ணாவை நிலையம் போய்ச் சேருவதற்குள் வழக்கத்தைவிட இரண்டு பங்கு தண்ணீர் குடிக்கிறது என்றான் அழகர். எஞ்சினுக்கு அடியில் சாம்பலைத் தூவிப் பார்த்தேன். ஒரு சொட்டு ஈரமில்லை. தொட்டி, மூட்டு எல்லாம் காய்ந்து கிடந்தன. பிறகுதான் புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தேன். எஞ்சின் சும்மா நிற்கும்போதும் கரும்புகையோடு வெள்ளையாக ஆவி வந்தது. தண்ணீர் கீழே ஒழுகவில்லை, உள்ளுக்குள்ளேயே நெருப்பில் சிந்திக் காற்றாய்ப் போகிறது. நெருப்பை இறக்கி ஆறவிட்டு, விளக்கோடு தலையை அடுப்பு வாய்க்குள் நுழைத்தேன். பாய்லருக்குள் ஓடும் புகைக்குழாய்களில் ஒன்று கீறியிருந்தது. கீறல் ஓரத்தில் உப்புப் பூத்திருந்தது.

"ரெண்டு நாள் குடுங்க தொரை, குழாய மாத்திப்புடுறேன்" என்று கொட்டகைத் துரையிடம் கேட்டேன். இலைநோய் விழுந்து தோட்டங்கள் பட்டுக்கொண்டிருந்த காலம். மிஞ்சிய கோப்பியாவது கப்பலேற வேண்டுமாம். ஒரு மணி நேரம்கூடத் தரமாட்டேன், முடியாவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். என் புத்தியோ அன்று தேவைக்கு மேல் வேலை செய்தது.

புது மண்பானை கசிந்தால் எங்கள் ஆட்கள் கெட்டிக் கஞ்சியை ஊற்றிக் கொதிக்க விடுவார்கள். கஞ்சி கண்ணுக்குத் தெரியாத துளைகளில் போய் இறுகிக்கொள்ளும், கசிவு நிற்கும். மண்ணுக்கு ஆகிறது இரும்புக்கு ஆகாதா என்று நினைத்தேன். நேரே வேலாயி குடியிருந்த லயத்துக்குப் போய் இரண்டு பானைக் கஞ்சி காய்ச்சச் சொன்னேன்.

"எஞ்சினுக்கா? வெளையாடாதீங்கண்ணே" என்று சிரித்தாள். ஆனாலும் அடுப்பை மூட்டினாள்.

"தங்கச்சி புருஷனுக்கு ஒருநாளும் கஞ்சி ஊத்தாத மச்சான் எஞ்சினுக்கு ஊத்துறாரு பாரு" என்றான் அழகர். அப்புறம் குரலைத் தணித்துக் கேட்டான். "இது தாங்குமா மச்சான்?"

"நான் சொல்றேன்ல. நீ கண்ணாடிய மட்டும் பாத்துக்க. அதுல தண்ணி தெரியிற வரைக்கும் பயமில்ல."

பாய்லரில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று காட்டும் கண்ணாடிக் குழாயைத்தான் சொன்னேன். சாப்பாட்டு வேளையில், கொட்டகையில் ஆளில்லாதபோது, இரண்டு பேருமாகக் கஞ்சியைப் பாய்லருக்குள் ஊற்றினோம். ஒழுக்கு நின்றுவிட்டது. எப்படி நிறுத்தினாய் என்று துரை கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நாலு நாள் மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தேன்.

ஐந்தாம் நாள் கடுகண்ணாவையில் டிரைவர் இறங்கி நிலையத்துக்குள் போயிருந்தார். எஞ்சினில் அழகர் மட்டும் நின்றான். பாய்லர் வெடித்தது. அவனைச் சாக்கில் கட்டித்தான் கொண்டுவந்தார்கள்.

கண்ணாடிக்குத் தண்ணீர் கொண்டுபோகும் பித்தளைக் குழாயை நான்தான் கழற்றினேன். ஊசி நுழைய இடமில்லாமல் கஞ்சி கருகி அடைத்திருந்தது. பாய்லர் வற்றிய பிறகும் கண்ணாடியில் பழைய தண்ணீர் அப்படியே நின்றிருக்கிறது. நான் சொன்னபடி அழகர் அதைப் பார்த்துக்கொண்டே, தண்ணீர் விடாமல் நெருப்புப் போட்டிருக்கிறான்.

கண்டியில் விசாரணை நடந்தது. பாய்லருக்குள் இருந்த கஞ்சியை மற்றப் பிட்டர்களும் பார்த்துவிட்டார்கள். ஊற்றச் சொன்னவன் உயிரோடு இருந்தால் அவனுக்கு மறியல், சிறைதான் என்று பேச்சு. இரண்டு நாள் தரமறுத்த துரையை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கஞ்சி வேலாயியின் அடுப்பில் காய்ந்தது என்று தெரிந்து, கைப்பிள்ளையோடு அவளைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள்.

"கஞ்சி காய்ச்சச் சொன்னது யார்?" என்று துரைமார் கேட்டதைத் தமிழில் சொன்னார் துபாஷி.

நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன் என்று இங்கே பொய் எழுதமாட்டேன். நான் வாயைத் திறக்கவே இல்லை. வேலாயி ஒரு தடவை என்னைப் பார்த்தாள்.

"எம் புருஷந்தாங்க. அவரு புத்தி அப்புடிப் போச்சு" என்றாள். எழுதி நீட்டிய காகிதத்தில் கைநாட்டு வைத்தாள்.

வெளியே வந்ததும் கேட்டேன். "ஏன் தாயி அப்புடிச் சொன்ன?"

"ஒங்களையும் மறியல்ல வச்சிட்டா எனக்கும் புள்ளைக்கும் யாரு இருக்கா? அவரு செத்தவரு. பேரு கெட்டாலும் அவருக்கு வலிக்காது."

சொல்லிவிட்டுப் பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு முன்னால் நடந்தாள். எனக்கு வலித்தது. விசாரணை அறைக் கதவு இன்னும் திறந்தேதான் இருந்தது. நான் அவள் பின்னாலேயே வீட்டுக்குப் போனேன்.