பாட்டு முடிந்த பிறகும் ஓடிய டேப்

அந்த ராக் இசைக்குழுவில் இருபத்திரண்டு வருஷம் டிரம்ஸ் அடித்தவரை எல்லோரும் 'இடி' என்றே கூப்பிட்டார்கள். குழு கலைந்து எத்தனையோ காலமாகிவிட்டது. அறுபத்தேழு வயதில் அவர் பேருந்து நிலையத்துக்கு எதிரே சாவி வெட்டும் கடை வைத்திருந்தார். பழைய ரெக்கார்டு கம்பெனி, குழுவின் புகழ்பெற்ற பதினாறு பாட்டுகளைப் பொறுக்கியெடுத்து, மூல டேப்பிலிருந்து ஒலியைச் சுத்தம் செய்து ஒரே தொகுப்பாக வெளியிடப்போகிறது என்று தெரிந்ததும் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. சாவி வெட்ட வந்தவர்களையெல்லாம் பிடித்து வைத்துச் சொன்னார்.

"என் வீட்டுக்காரி குரலும் அதுல இருக்கு. கோரஸ்ல எல்லாருக்கும் மேல நிக்குமே, அது அவதான்."

அவள் இறந்துபோய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. குழுவின் முதல் இரண்டு ரெக்கார்டுகளில் மட்டும்தான் பாடினாள். பிறகு அலுத்துவிட்டது என்று நிறுத்திக்கொண்டாள். அவருக்குத் தெரிந்த கதை அவ்வளவுதான்.

வெளியீட்டுக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு காலையில் கடைக்கு போன் வந்தது. ஒலியைச் சுத்தம் செய்யும் பொறியாளர் பேசினாள். இளம்பெண். குரலில் தயக்கம்.

"சார், ரெண்டாவது ரெக்கார்டோட கடைசிப் பாட்டு. பாட்டு முடிஞ்சும் டேப் நிறுத்தாம ஓடியிருக்கு. ஒரு அம்மா பேசுறாங்க, உங்க வீட்டம்மான்னு நினைக்கிறேன். பாடகர் சார்கிட்ட கேட்டேன், வெட்டிடுன்னு சொல்லிட்டார். உங்களுக்குத் தெரியாம வெட்ட எனக்கு மனசு வரல."

இடி கடையைப் பாதியில் பூட்டிக்கொண்டு கிளம்பினார். வழியெல்லாம் சந்தோஷம்தான். அவள் பேச்சு ஒரு வரி கிடைத்தால்கூடப் போதும் என்று நினைத்தார். வீட்டில் இருந்ததெல்லாம் போட்டோக்கள். ஒன்றுகூடப் பேசாது.

ஒலிக்கூடம் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தது. சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய சின்ன அறை. பொறியாளர் ஹெட்போனை அவர் காதில் மாட்டி, அவருக்குக் காது மந்தம் என்பதை போனிலேயே கவனித்திருந்ததால், ஒலியைக் கூட்டினாள். கோரஸ் மெல்ல ஓய்ந்தது. நாற்காலி நகரும் சத்தம். பிறகு குழுவின் பாடகன் குரல், நாற்பது வருஷம் இளசாக.

"வீட்டுல சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன். அலுத்துப்போச்சு, இனிமே பாடலன்னு சொன்னேன். நம்பிட்டார்." அவள்தான். பக்கத்தில் நின்று பேசுவது போல இருந்தது.

"உங்க ரெண்டு பேர்ல ஒருத்தரைத்தான் வச்சுக்குவோம்னு கம்பெனி சொன்னதை அவன்கிட்ட..."

"மூச்சு விடக்கூடாது. தெரிஞ்சா அவரும் குச்சியைத் தூக்கிப் போட்டுட்டு வந்துடுவார். டிரம்ஸ் இல்லாட்டி அந்த மனுஷனுக்குச் சோறு இறங்காது."

பிறகு அவள் கேட்டாள்: "நான் இன்னொரு தடவை பாடட்டுமா? இது சரியாத்தான் வந்திருக்கு. சும்மா, இன்னொரு தடவை."

"நேரமாச்சும்மா," என்றான் பாடகன். டேப் நின்றது.

அந்த நேரத்தில் தான் எங்கே இருந்தோம் என்பது இடிக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. கீழே தெருவில் விசில் அடித்துக்கொண்டே டிரம்ஸை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் எத்தனை விருந்தாளிகள் முன்னால், அவளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "இவளுக்குப் பாட்டு பொழுதுபோக்கு, எனக்கு உயிர்" என்று பெருமை பீற்றியிருக்கிறார்! அவளும் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டே சிரிப்பாள்.

ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "கோரஸ்ல அவ குரலை மட்டும் கொஞ்சம் மேல தூக்க முடியுமாம்மா?"

பொறியாளர் உதட்டைக் கடித்தாள். "அஞ்சு பேரும் ஒரே மைக்ல பாடியிருக்காங்க சார். அவங்களை மட்டும் பிரிச்சா குரல் சிதைஞ்சிடுது. ரெண்டு நாளா முயற்சி பண்ணிப் பார்த்துட்டேன்."

அங்கிருந்து நேரே பாடகன் வீட்டுக்குப் போனார். முழங்கால் ஆபரேஷன் செய்து, நடக்க உதவும் நாலுகால் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாடகன் கதவைத் திறந்தான். இடியின் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்கு விளங்கிவிட்டது.

"கேட்டுட்டியாடா?"

"ரெண்டு வருஷமாச்சுடா அவ போய். அப்பவாவது சொல்லியிருக்கலாமே."

"சத்தியம் வாங்கிட்டாடா. செத்தவங்ககிட்ட பண்ண சத்தியத்தை எப்படிடா மீறுறது?"

"சரி, அதை விடு. இன்னொரு தடவை பாடட்டுமான்னு கேட்டாளே, ஏன்டா நேரமாச்சுன்னு சொன்னே? அஞ்சு நிமிஷம்டா. அஞ்சே நிமிஷம்."

பாடகன் வெகுநேரம் யோசித்தான். பொய் சொல்லியிருந்தால்கூடத் தேவலாம். "அப்படிச் சொன்னேனா? எனக்கு ஞாபகமே இல்லடா," என்றான்.

அவனை அடிக்கத்தான் இடி வந்திருந்தார். கம்பியை விட்டால் விழுந்துவிடுவான் என்று பார்த்துவிட்டு, ஒன்றும் செய்யாமல் படி இறங்கிவிட்டார்.

அந்தப் பேச்சை வெட்டிவிடவே சொன்னார். அவள் மறைத்ததைக் கடைகடையாக விற்க அவருக்கு மனமில்லை. தனக்கு மட்டும் ஒரு பிரதி வாங்கிக்கொண்டார். தொகுப்பு வந்தது, நன்றாகவே போயிற்று. வெளியீட்டு நிகழ்ச்சிக்கு வாசிக்கக் கூப்பிட்டார்கள். கை வலிக்கிறது என்று சொல்லிவிட்டார்.

ஒரு மத்தியானம், கடையில் ஆள் இல்லாத நேரம், வேறு ஊரில் நர்ஸாக இருக்கும் மகளுக்கு போன் செய்தார்.

"அம்மா வீட்டுல பாடி நீ எப்பவாவது கேட்டிருக்கியா?"

"கேட்டிருக்கேனே! நீங்க கச்சேரிக்கு வெளியூர் போனா பாடுவாங்க. துணி மடிக்கிறப்போ, எனக்குத் தலை பின்றப்போ. நீங்க திரும்பி வந்து கேட் திறக்கிற சத்தம் கேட்டதும் நிறுத்திடுவாங்க. ஏம்ப்பா?"

பேருந்துகளின் இரைச்சல் ஓயட்டும் என்று காத்திருப்பவர் போல நின்றார்.

"நல்லா பாடுவாளா?" என்றார்.

"என்னப்பா கேள்வி இது?" என்றாள் மகள். "உங்களுக்குத் தெரியாதா?"