சந்திராஷ்டம நாளில் வந்தவன்

கண்ணாடிக் கடையில் எல்லாரும் அவளை லென்ஸக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். முன்னால் முதலாளி வருகிறவர்களின் கண்ணைப் பரிசோதித்து எண் எழுதித் தருவார். பின்னறையில் இவள் லென்ஸின் விளிம்பைச் சக்கரத்தில் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவாள். இருபது வருஷமாக அதே முக்காலி, தண்ணீர் சொட்டும் அதே சக்கரம். புருஷன் விட்டுப் போய் ஏழு வருஷம். வீட்டில் அம்மா மட்டும். அம்மாவுக்குக் கால்தான் முடியாது, வாய்க்கு ஒரு குறைச்சலும் இல்லை.

ஒரு தம்பி இருந்தான். ரொட்டித் தொழிற்சாலையில் வண்டி ஓட்டினான். புருஷன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன அந்த வாரம் ஆறுதல் சொல்ல வந்தவன், "நீயும் கொஞ்சம் அனுசரிச்சுப் போயிருக்கலாம்க்கா" என்று ஒரு வார்த்தையை விட்டுவிட்டான். அந்த ஒரு வார்த்தைக்காக அவள் ஏழு வருஷம் அவன் முகத்தில் விழிக்கவில்லை. அம்மாவைப் பார்க்க வேண்டுமென்றால், அக்கா கடையிலிருக்கும் நேரமாகப் பார்த்து வந்து போவான்.

ஜோதிட வகுப்பைத் தேடி அவள் போகவில்லை. வகுப்பு நடத்துகிறவரே கண்ணாடி மாற்ற வந்தார். இவளைவிடப் பத்து வயது சின்னவர். மற்ற நாளெல்லாம் மருந்துக்கடை வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் தையற்கடை மாடியில் ஏழெட்டுப் பேருக்குச் சந்திர ஜோதிடம் சொல்லிக்கொடுத்தார்.

"கல்யாணம் எப்போ, வேலை எப்போன்னு கேக்கறவங்களை நான் சேர்த்துக்கறதில்லைங்க" என்றார். "சந்திரன்தான் மனசுக்குக் காரகன். நீங்க பொறந்தப்போ அது எங்க நின்னுச்சுன்னு தெரிஞ்சா, உங்க மனசு எப்படிப்பட்டதுன்னு தெரியும். அதுக்கு மட்டும்தான் வகுப்பு."

அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. சொன்னதை அவரும் நம்பினார்.

பிறந்த நேரத்தை அவள் அம்மாவிடம் கேட்டாள். "விடியற நேரம். கோழி கூவுச்சு" என்றாள் அம்மா. பள்ளிச் சான்றிதழில் இருந்த தேதியையும் அந்தக் கோழியையும் வைத்து அவர் கணக்குப் போட்டார். அனுஷ நட்சத்திரம், விருச்சிக ராசி. அந்த ராசியில் சந்திரன் நீசம் என்றார்.

வேறொருத்திக்கு அந்தச் சொல் சுருக்கென்று தைத்திருக்கும். இவளுக்கோ, யாரோ முதுகிலிருந்து மூட்டையை இறக்கி வைத்தது போலிருந்தது.

"நீசம்னா மட்டம்னு நினைக்காதீங்க" என்றார் அவர். "பள்ளத்துல தேங்கின தண்ணி மாதிரி. ஒரு சின்னச் சொல் விழுந்தாலும் அடி வரைக்கும் போயிடும். மேல வர நாளாகும்."

நாற்பத்தேழு வயதில் முதல்முறையாகத் தன்னை யாரோ சரியாகச் சொல்லிவிட்டதாக அவள் நினைத்தாள். அன்றே ஒரு நோட்டு வாங்கினாள். சந்திரன் இன்று எந்த ராசியில், மனசு இன்று எப்படி என்று தினமும் எழுதினாள். எழுத எழுத ஒரு தெளிவு வந்ததும் உண்மை. கோபம் வந்தால், வந்த விருந்தாளியைப் பார்ப்பது போல உட்கார்ந்து பார்க்கப் பழகினாள். தூக்கம் வந்தது. அம்மாவிடம் எரிந்து விழுவது குறைந்தது.

ராசிக்கு எட்டாம் இடத்தில் சந்திரன் நிற்கும் இரண்டேகால் நாள் சந்திராஷ்டமம். அவளுக்கு அது மிதுனம். அந்த நாட்களில் மனசு தன் வசம் இருக்காது, வாயைக் கட்டுவது நல்லது என்றார் ஜோதிடர். அவள் ஒருபடி மேலே போய் மௌன விரதமே பிடித்தாள். முதலாளி சிரித்துவிட்டு விட்டுவிட்டார். சக்கரத்தோடு பேச என்ன இருக்கிறது?

"உனக்கு நல்லதோ இல்லையோ, மாசத்துல ரெண்டு நாள் எனக்கு நல்லது" என்றாள் அம்மா.

வகுப்பில் சேர்ந்த ஒன்பதாவது மாதம் அப்படியொரு மௌன நாளில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, பின்னறை வாசலில் தம்பி வந்து நின்றான். தொழிற்சாலைச் சட்டை, தோளில் மாவு. தலை பாதி நரைத்திருந்தது. அவன் தலை நரைத்ததை அவள் பார்த்ததில்லை.

"அக்கா."

அவள் சக்கரத்தை நிறுத்தினாள். பேசவில்லை.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். அஞ்சு நிமிஷம் போதும்."

அவள் ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கத்தில், 'இன்று மௌனம். நாளை மறுநாள் வா' என்று எழுதி நீட்டினாள்.

அவன் அதை வாங்கி இரண்டு தரம் படித்தான். "சாமியாராயிட்டியா?" என்று சிரிக்கப் பார்த்தான். "நீ பேச வேணாம்க்கா. நான் சொல்றதைக் கேட்டா போதும்."

அவள் எழுதியதன்மேல் விரலை வைத்து இன்னொரு தரம் காட்டினாள்.

அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். "சரி, நாளை மறுநாளே வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். அவள் சக்கரத்தை மறுபடி ஓட்டினாள். அன்றைய பக்கத்தில், 'தம்பி வந்தான். மனசு அசையவில்லை' என்று எழுதினாள். எழுதும்போது பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் பதினொரு மணிக்கு முதலாளி பின்னறைக்கு வந்து அவள் தோளைத் தொட்டார். வண்டியில் ரொட்டித் தட்டுகளை ஏற்றிக்கொண்டிருந்தவன் அப்படியே மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தானாம். தூக்கிக்கொண்டு போவதற்குள் முடிந்துவிட்டது. சந்திரன் இன்னும் மிதுனத்தில்தான் இருந்தது. அவள் வாய்விட்டு அலறினாள்.

காரியமெல்லாம் முடிந்தபின், இறப்புப் பதிவுத் தாளில் எழுத அவன் பிறந்த தேதியைக் கேட்டார்கள். அவள் அம்மாவிடம் கேட்டாள்.

"யாருக்குடி தெரியும்?" என்றாள் அம்மா. அழுது அழுது குரல் கம்மியிருந்தது. "பள்ளிக்கூடத்துல சேர்க்கப் போனப்ப உங்கப்பா வாய்க்கு வந்ததைச் சொன்னாரு. ரெண்டு பேருக்கும் அப்படித்தான்."

"எனக்குமா?"

"உனக்குந்தான். மழைக்காலத்துல பொறந்தே. அவ்வளவுதான் தெரியும்."

"அப்புறம் எதுக்கும்மா விடியற நேரம்னு சொன்னே? கோழி கூவுச்சுன்னியே?"

"ஆசையா கேட்டே. தெரியாதுன்னா உன் மூஞ்சி தொங்கிப்போயிருக்கும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு முன்னாலேயே போய் ஜோதிடரிடம் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முகம் வெளுத்துவிட்டது. தேதியே தெரியாவிட்டால் எதுவும் சொல்ல முடியாது என்று ஒப்புக்கொண்டார். பிறகு மெல்ல, "தப்பு என் மேலதான். நான்தான் வாயைக் கட்டச் சொன்னேன்" என்றார்.

"இல்ல" என்றாள் அவள். "நீங்க சொல்லலன்னாலும் பேசியிருக்க மாட்டேன். அவன் வாசல்ல வந்து நின்னதும் எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷமா இருந்துச்சு. அவனை நிக்க வைக்க ஒரு சாக்கு கிடைச்சுதுன்னு. அதுக்கு விரதம்னு பேர் வெச்சுக்கிட்டேன். என் மனசு எப்படிப்பட்டதுன்னு தெரிஞ்சுபோச்சுங்க."

 மற்றவர்கள் படியேறி வரும் சத்தம் கேட்டது. அவள் இறங்கிவிட்டாள்.

நேரே தம்பி வீட்டுக்குப் போனாள். சாவுக்கும் காரியத்துக்கும் போனதைத் தவிர, ஏழு வருஷத்தில் இதுதான் முதல்முறை. தம்பி மனைவி கூடத்தில் உட்கார்ந்து, தொழிற்சாலைக்குத் திருப்பித் தரவேண்டிய சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு எதுக்கு என்னைத் தேடி வந்தான்? உங்கிட்ட ஏதாவது சொன்னானா?"

தம்பி மனைவியின் கை நின்றது. "உங்களைப் பாக்க வந்தாரா?"

"வந்தான். முதல் நாள் மதியம்."

"எனக்குத் தெரியாதே." அவள் முழங்காலிட்டு நிமிர்ந்தாள். கண்ணில் ஓர் ஆவல் வந்தது. "என்ன சொன்னாரு? ரெண்டு வாரமாவே ஏதோ மனசுல வெச்சுக்கிட்டுச் சுத்தினாரு. கேட்டா, அக்காகிட்டதான் சொல்லணும்னாரு. என்ன சொன்னாரு அண்ணி?"

"சொல்லல. நான் கேக்கல."

தம்பி மனைவி அவளையே பார்த்தாள். திட்டுவாள் என்று இவள் காத்திருந்தாள், திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அந்த ஆவல் மட்டும் முகத்திலிருந்து மெதுவாக இறங்கிப் போயிற்று. மறுபடி உட்கார்ந்து மடிக்கத் தொடங்கினாள்.

என்ன செய்வதென்று தெரியாமல் இவள் தரையிலிருந்து ஒரு சட்டையை எடுத்தாள்.

"வைங்க அண்ணி" என்றாள் தம்பி மனைவி, தலை நிமிராமல். "நானே மடிச்சுக்கறேன்."

அவள் வைத்தாள். வாசலில் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு படியிறங்கினாள்.