தண்ணீர் கேன் ஏறிய நாற்பது நொடி

இயக்குநர் மறுபடியும் இத்தாலிக்குப் போய்விட்டார். உடம்பு மட்டும் கூட்ட அறை நாற்காலியில் இருந்தது. போருக்குப் பிந்தைய இத்தாலியப் படங்களில் தெருவே நடிகன், பசியே வசனம் என்று ஆரம்பித்தால் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் ஊர் திரும்புவார்.

"நம்ம கார்ட்டூனும் அப்படி நெஜமா இருக்கணும்," என்றார்.

காதில் எப்போதும் பென்சில் செருகியிருப்பதால் 'பென்சில்' என்றே பெயராகிப்போனவள் தலையாட்டினாள். மூன்று வாரம் அவள் வரைந்த நாற்பது நொடி எதிரே திரையில் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. ஒருவன் தண்ணீர் கேனுடன் நான்கு மாடி ஏறுகிறான். பேச்சே இல்லை. மூன்றாம் மாடியில் தோள் மாற்றுகிறான். மாற்றிய கையோடு, நீயாக நடந்து வந்தால் என்ன என்பதுபோல் கேனை முறைக்கிறான். கடைசியில், கை ஒழியாததால், பின்பக்கத்தால் கதவை இடித்துத் திறக்கிறான். பழைய பேசாப்படக் கோமாளிகளிடம் அவள் களவாடியது ஒன்றுதான்: எத்தனை அடி விழுந்தாலும் கம்பீரம் கலையாத முகம்.

"இந்தக் காட்சியத் தூக்கிடலாம்," என்றார் இயக்குநர். "கஷ்டப்படறவன் எங்கயாவது சிரிப்புக் காட்டுவானாம்மா? யாரு பின்பக்கத்தால கதவத் தெறப்பா? நெஜ மனுசன நீ பாத்ததே இல்ல."

"பாத்திருக்கேன் சார்."

"எங்க?"

கதவு தொம்மென்று திறந்தது. முதலில் ஒரு பின்பக்கம், அடுத்து ஒரு கேன், கடைசியாக வியர்த்து வழியும் தண்ணி அண்ணன். தினம் இரண்டு தடவை இப்படித்தான் வருகிறார். அப்போதெல்லாம் இயக்குநர் இத்தாலியில் இருந்திருப்பார். லிஃப்டில் சுமை ஏற்றக்கூடாதென்று அறிவிப்பு ஒட்டியவரும் அவரேதான்.

யாரோ இருமலை அடக்கினார்கள்.

அண்ணன் கேனை இறக்காமலே திரையை முழுசாகப் பார்த்தார். பென்சில் அவர் முகத்தையே பார்த்தாள். இயக்குநர் தூக்கினால் இன்னொன்று வரைந்துகொள்ளலாம். இவர் முகம் சுளித்துவிட்டால்?

"நாந்தானே?"

"ஆமாண்ணே."

"மூணுல தோள் மாத்தமாட்டேன் தங்கச்சி. அங்க மூச்சு வாங்கும். ரெண்டுலயே மாத்திருவேன்." கொஞ்சம் யோசித்தார். "மொறைக்கறது சரியாத்தான் இருக்கு."

"திருத்திடறேண்ணே."

இயக்குநர் தொண்டையைச் செருமினார். "இதத்தானே நான் காலைலேருந்து சொல்லிட்டிருக்கேன். காட்சி இருக்கட்டும்."

சாயங்காலம் பென்சில் நோட்டுடன் மூன்றாம் மாடித் திருப்பத்தில் உட்கார்ந்தாள். கீழே காலடிச் சத்தம். அண்ணன் தலையைப் படிய வாரியிருந்தார். சட்டையின் மேல் பொத்தானும் போட்டிருந்தது. இரண்டாம் மாடியில் தோள் மாற்றினார். மூன்றாவதில், அவளை ஏறெடுத்தும் பார்க்காமல், ஒரு கணம் நின்று கேனை முறைத்தார்.