வினோதா சொன்ன விலை

...இல்லை, கேட்டவுடன் தொகையைச் சொல்லிவிடக் கூடாது, முதலில் எத்தனை வண்டி, எந்தெந்தப் பக்கம் போகிறது, எத்தனை பாஷை என்று கேட்க வேண்டும், கேட்டுவிட்டுக் கொஞ்சம் யோசிக்கிற மாதிரி இருக்க வேண்டும், அப்புறம்தான் ஒரு பாஷைக்கு ஆயிரத்து ஐந்நூறு, மூன்றுக்கும் சேர்த்து நாலாயிரத்து ஐந்நூறு, பாதி முன்பணம்... முன்பணம் என்று சொன்னால் முறைப்பாரோ, அட்வான்ஸ் என்றே சொல்லிவிடலாம், அந்த வார்த்தைக்கு யாரும் கோபித்துக்கொள்வதில்லை, வீட்டை வாடகைக்கு விட்டவரும் அதைத்தானே கேட்டார். கெலமங்கலத்தில் பஸ் ஏறியதிலிருந்து வினோதா இதையே மனதுக்குள் ஓட்டிக்கொண்டு வந்தாள். ராயக்கோட்டை போய்ச் சேருவதற்குள் வாய் பழகிவிட வேண்டும். மண்டிக்காரர் நாராயணப்பன் புதிதாகக் காய்கறி ஆட்டோக்கள் விடப் போகிறார், கம்பெனி ஆட்கள் குடியிருக்கிற தெருக்களிலெல்லாம் அவை சுற்றும், அவற்றின் ஒலிபெருக்கியில் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் கூவிக் கூப்பிட ஒரு குரல் வேண்டுமாம். குரல் தயார். விலைதான் தொண்டையில் நிற்கிறது.

அரை நிமிஷப் பேச்சுக்கு இவ்வளவா என்பார். எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். அரை நிமிஷம்தான், ஆனால் அதைப் பிடிக்கப் பக்கத்து வீட்டு மிக்சி நிற்க வேண்டும், குக்கர் அடங்க வேண்டும், ஷிப்டு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு தெருமுனையைக் கடந்து தொலைய வேண்டும், பிறகு கதவைச் சாத்தி, ஜமக்காளத்தைத் தலையோடு போர்த்திக்கொண்டு, வேர்வை வழிய வழிய, போனை வாய்க்குப் பக்கத்தில் பிடித்து, சிரித்த முகமாக 'வாங்கம்மா வாங்க' என்று சொல்ல வேண்டும், முகம் சிரிக்காவிட்டால் குரலும் சிரிக்காது... அதையே கன்னடத்தில் அப்படியே திருப்பிப் போட்டால் ஒருத்தியும் வாசலுக்கு வர மாட்டாள், அவர்களைக் கூப்பிடுகிற விதம் வேறு, தெலுங்கில் வேறு. இதற்கெல்லாம் சேர்த்து ஆரம்பத்தில் முந்நூறு வாங்கினாள். அந்த முதல் பதிவை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது, 'தக்காளி கிலோ இருபது ரூபாய்' என்று விலையையும் சேர்த்துக் கூவி அனுப்பிவிட்டாள், மறுநாளே தக்காளி முப்பத்தைந்துக்கு ஏறியது, ஆட்டோக்காரர் போன் செய்து, "அந்த வெலைய மட்டும் மாத்திக் குடுத்துடு பாப்பா" என்றார், ஒரு சொல்தானே என்று மாற்றிக் கொடுத்தாள், அடுத்த நாள் நாற்பது, அதற்கடுத்த நாள் இருபத்தெட்டு, அந்த மழைக்காலம் முழுக்க விடிந்தால் ஜமக்காளம், விடிந்தால் தக்காளி, கூடுதலாக ஒரு பைசா கேட்கவில்லை. இப்போது பதிவில் விலையே சொல்வதில்லை. எதை மாற்றச் சொன்னாலும் தனிக் காசு. யாரும் அவளுக்கு இதைச் சொல்லித் தரவில்லை, தக்காளி சொல்லித் தந்தது.

அப்புறம் இந்த ஆயிரத்து ஐந்நூறு... அது வானத்திலிருந்து விழுந்ததல்ல. தோழி ரூபாதான் போனை எடுத்து, ஓசூரில் ஒரு ஸ்டுடியோவுக்கு, துணிக்கடைக்காரி மாதிரி அதிகாரமாகப் பேசி, விளம்பரம் பேசித் தர எவ்வளவு என்று விசாரித்தாள், பாஷைக்கு மூவாயிரம் என்றார்கள், ரூபா போனை வைத்துவிட்டு, "பாத்தியாடி, நீ ஊரு பூரா தர்மத்துக்குக் கத்திட்டு இருக்க" என்றாள். வினோதா அதில் பாதி வைத்துக்கொண்டாள். பாதி வைத்தது நியாயத்துக்கா, பயத்துக்கா... ஸ்டுடியோவில் ஏசி இருக்கிறது, கண்ணாடி அறை இருக்கிறது. அவளிடம் ஜமக்காளம் இருக்கிறது. ஆனால் கேட்கிறவர் காதுக்கு ஜமக்காளம் தெரியவா போகிறது.

பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தது. எதிரே ஒரு காய்கறி ஆட்டோ மெதுவாக ஊர்ந்து வந்தது. 'வாங்கம்மா வாங்க, தோட்டத்துல இருந்து நேரா உங்க வாசலுக்கு...' வினோதாவுக்குக் கழுத்து வரை சூடேறியது. அவள் குரலேதான். துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள், முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்பதுபோல. முன் இருக்கையில் இருந்த பெண்மணி பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள், "இவ ஒருத்தி. பொழுது விடிஞ்சா கத்த ஆரம்பிச்சிடறா. இவள கட்டிக்கப் போறவன் காதுல பஞ்சு வச்சிட்டுதான் சோறு திங்கணும்." பக்கத்துக்காரி சிரித்துவிட்டு, "அட போக்கா, இவ சத்தம் கேட்டாத்தான் எனக்குக் கொழம்பே ஞாபகம் வருது" என்றாள். வினோதா உதட்டைக் கடித்துக்கொண்டாள். பத்தாம் வகுப்பில் பாடத்தை எழுந்து படி என்றபோது, தெலுங்கு வாடை அடிக்கிற தமிழில் இரண்டு வரி படித்து, பெஞ்சு பெஞ்சாகச் சிரிப்புக் கிளம்பி, உட்கார்ந்தவள் அப்புறம் அந்தப் பள்ளிக்கூடத்தில் எழுந்திருக்கவே இல்லை. இன்றைக்கும் நாலு பேர் முன்னால் அவளுக்குப் பேச்சு வராது. கண்டக்டரிடம் டிக்கெட் கேட்பதற்கே எச்சில் விழுங்க வேண்டும். ஆனால் அவள் இல்லாத தெருக்களில் அவள் குரல் தலைநிமிர்ந்து போய்க்கொண்டிருக்கிறது, அதற்குக் கூச்சமே இல்லை, ஒரு பெண்ணுக்குக் குழம்பை ஞாபகப்படுத்துகிறது... இது பெரிய விஷயமா, சின்ன விஷயமா... பெரிய விஷயம்தான்.

போன் அதிர்ந்தது. பெங்களூர் கம்பெனி சார். ஒரு வாரமாகப் பேசிக்கொண்டிருக்கிறார், கதைகளைக் குரலில் பதிவு செய்கிற கம்பெனியாம், வீட்டிலிருந்தே வேலை, ஒன்றாம் தேதியானால் சம்பளம், நேற்று முத்திரையெல்லாம் போட்ட வேலை உத்தரவு ஒன்று போனுக்கு வந்தது. அம்மா அதை வாங்கித் தலைகீழாகவும் நேராகவும் பார்த்துவிட்டு, ரோஜாத் தோட்டத்தில் கூட வேலை செய்கிறவர்களிடமெல்லாம் எம்மக கம்பெனியில சேந்துட்டா என்று சொல்லியாகிவிட்டது. "கங்கிராட்ஸ் மேடம், ஹெட்போன் கிட்டுக்கு டெபாசிட் மட்டும் இன்னைக்கே கட்டிடுங்க, முழுசா ரிட்டர்ன் ஆயிடும், லேட்டானா சீட்டு வேற ஆளுக்குப் போயிடும்." அதே வாக்கியம். மூன்றாவது முறையாக அதே வாக்கியம். வினோதா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். 'மட்டும்' என்பதற்குப் பிறகு மூச்சு வாங்குகிறார், பேசுகிறவன் அங்கே மூச்சு வாங்க மாட்டான், தாளைப் பார்த்து வாசிக்கிறவன்தான் வரி முடிகிற இடத்தில் வாங்குவான், அவளும் முதல் மாதங்களில் அப்படித்தான் திணறினாள்... அதற்கும் பின்னால், தூரத்தில், இன்னொரு குரல் இன்னொருத்தியிடம், கங்கிராட்ஸ் மேடம். ரூபா நினைவுக்கு வந்தாள். போச்சம்பள்ளிக் கம்பெனியில் வேலை என்று ஒரு புரோக்கரிடம் யூனிபாரத்துக்கும் அடையாள அட்டைக்கும் பணம் கட்டிவிட்டு, தலைக்கு மல்லிகை வைத்துக்கொண்டு, அவன் கொடுத்த காகிதத்தோடு போய் கேட்டில் நின்றவள், செக்யூரிட்டி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, இந்த வாரம் நீ நாலாவது ஆளும்மா, வெயில்ல நிக்காத, போ என்றாராம். அந்த மல்லிகையைப் பற்றித்தான் ரூபா அழுதாள், பணத்தைப் பற்றி அல்ல. ஒன்றாம் தேதிச் சம்பளம்... அம்மா என்ன சொல்லுவாள், தோட்டத்தில் போய் அம்மா எந்த முகத்தோடு... வினோதா எச்சிலை விழுங்கினாள். "சார், வேலை செய்யறது நானுங்க. காசு நீங்கதான எனக்குக் குடுக்கணும்?" அந்தப் பக்கம் ஒரு நொடி காகிதம் தீர்ந்துபோனது. "உன்ன மாதிரி பட்டிக்காட்டுக்கெல்லாம் வேலை குடுக்க வந்தேன் பாரு" என்றது குரல், இப்போதுதான் முதல் முறையாக வாசிக்காமல் பேசியது. அவளே வைத்தாள். முன் இருக்கைப் பெண்மணி திரும்பி, "யாரும்மா?" என்றாள். "ராங் நம்பருங்க" என்றாள் வினோதா, அந்தச் சொல்லுக்கும் குரல் கணீரென்று வந்தது, அந்தப் பெண்மணி அவளை ஒரு மாதிரி உற்றுப் பார்த்தாள்.

ஆனாலும் ஏமாற்றுக்காரனை வேண்டாம் என்பது சுலபம், நல்லவரிடம் விலை சொல்வதுதான் கஷ்டம். இதுவரை வாங்கியதையெல்லாம் மனதில் வரிசையாக ஓட்டிப் பார்த்தாள்... பேக்கரிக்காரர் தமிழில் பேசினார், கேட்டதைக் கொடுத்தார். நர்சரிக்காரர் கன்னடத்தில் பேசினார், அவரிடம் பாதிதான் கேட்டாள். வளையல்கடை அக்கா தெலுங்கில் பேசினாள், அவளிடம் கேட்கவே இல்லை, ஒரு டஜன் வளையலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். ஏன் அப்படி... கன்னடம் அம்மா தோட்டத்து மேஸ்திரியிடம் கையைக் கட்டிக்கொண்டு பேசுகிற பாஷை, அதில் வாயைத் திறந்தாலே முதுகு தானாக வளைகிறது. தெலுங்கு வீட்டுப் பாஷை, வீட்டில் யார் யாரிடம் காசு கேட்பார்கள். தமிழில்தான் சிரித்தார்கள், தமிழில்தான் அவமானப்பட்டாள், ஆனால் தமிழில் அவளுக்கு யாரும் சொந்தமில்லை, அதனால்தான் அதில் கறாராக இருக்க முடிகிறதோ... நாராயணப்பன் நிச்சயம் தெலுங்கில்தான் ஆரம்பிப்பார். ஆரம்பிக்கட்டும். இவள் தமிழை விட்டு இறங்கக் கூடாது.

மண்டியில் தக்காளி நசுங்கிய வாடை, கிரேட்டுப் பெட்டிகளை எறிகிற சத்தம். நாராயணப்பன் அவளைப் பார்த்ததும் தெலுங்கில்தான் ஆரம்பித்தார், வா தாயி, சாப்பிட்டாயா, உன் அப்பா எனக்கு லோடு ஏற்றியவன்தானே, நீ நம்ம வீட்டுப் பிள்ளை. நெஞ்சு இளகியது. ஒரு வார்த்தை தெலுங்கில் சொன்னால் போதும், ஐந்நூறுக்கு வந்து நின்றுவிடுவாள். "எத்தனை வண்டிங்கண்ணா?" என்று தமிழில் கேட்டாள். அவர் ஒரு கணம் நின்றுவிட்டு, அவரும் தமிழுக்கு வந்தார். "அஞ்சு வண்டி. என்ன குடுக்கறது சொல்லு." யோசிக்கிற மாதிரி இருக்க வேண்டியதில்லை, நிஜமாகவே பேச்சு வரவில்லை, தரையில் உருண்டு கிடந்த ஒரு தக்காளியைப் பார்த்துக்கொண்டு நின்றாள், அவர் அந்த மௌனத்தைக் கறார் என்று எடுத்துக்கொண்டு, "ரெண்டாயிரம் வச்சுக்கலாமா, மூணு பாஷைக்கும்?" என்று தானே ஆரம்பித்தார். "பாஷைக்கு ஆயிரத்து ஐந்நூறுங்கண்ணா. மூணுக்கும் நாலாயிரத்து ஐந்நூறு. பாதி அட்வான்ஸ்." சொல்லிவிட்டாள். ஜமக்காளத்துக்குள் பேசுகிற அதே குரலில், வெளிச்சத்தில் நின்றுகொண்டு. "ஏம்மா, நானு ஒரு லோடு தக்காளிக்கு இவ்ளோ பேரம் கேட்டதில்ல" என்று அவர் கணக்குப்பிள்ளையைப் பார்த்துச் சிரித்தார். "சொந்தக்காரப் பொண்ணு, கொறச்சுக்கக் கூடாதா?" "சொந்தம்னுதான் நேருல வந்தேங்கண்ணா. மத்தவங்களுக்குப் போன்லயே சொல்லிடுவேன்." கணக்குப்பிள்ளை வாய்விட்டுச் சிரித்தார். நாராயணப்பன் இன்னும் ஒரு முறை மூவாயிரம் என்று பார்த்தார், அவள் தக்காளியையே பார்த்தாள், அவர் தலையை ஆட்டிக்கொண்டே போனை எடுத்து அட்வான்சை அனுப்பினார். "வாயில்லாத பொண்ணுன்னு சொன்னாங்களேப்பா" என்று அவர் முனகியது முதுகுக்குப் பின்னால் கேட்டது.

பஸ் ஸ்டாண்டுக்கு எப்படி வந்தாள் என்றே தெரியவில்லை, கால் தரையில் பட்டதாக நினைவில்லை. அம்மாவிடமிருந்து போன். தோட்டத்தில் மதியச் சாப்பாட்டு நேரம், பின்னால் பெண்கள் பேசுகிற சத்தம். அம்மாவோடு தெலுங்குதான், வேறெது. அந்த பெங்களூர் கம்பெனி மோசடி, பணம் கட்டவில்லை என்று முதலில் சொல்லிவிட்டாள். பின்னால் பேச்சுச் சத்தம் குறைந்தது, அம்மா தள்ளி வந்திருக்க வேண்டும். பிறகு, "கெடக்குது விடு. இவளுங்ககிட்ட நான் சொல்லிக்கறேன். மண்டியில என்ன ஆச்சு, ஒத்துக்கிட்டாரா?" "ஒத்துக்கிட்டாரும்மா." "எவ்ளோ?" நாலாயிரத்து ஐந்நூறு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அம்மா முள் குத்தின விரலோடு வாரம் முழுக்க ரோஜா வெட்டினாலும் அதில் பாதிதான் வரும்... "ரெண்டாயிரம்மா" என்றது வாய். அவள் சொல்லவில்லை, வாயே சொன்னது. அம்மா சந்தோஷப்படுவாள் என்று காத்திருந்தாள். "மூணு பாஷைக்குமா?" என்றாள் அம்மா. குரலில் கோபம், யார் மேல் என்று தெரியாத கோபம். "ஏண்டி, நீ கூப்பிட்டாத்தான அவன் வண்டியே ஓடும், உன் கொரலுக்கு இவ்ளோதானா கேட்ட? நான் வந்திருந்தா அஞ்சாயிரத்துக்குக் கொறஞ்சு வாயத் தொறந்திருப்பனா?"

ராயக்கோட்டை வெயிலில், யாரோ இறக்கி வைத்த தக்காளிப் பெட்டிகளுக்குப் பக்கத்தில், வினோதா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள். கன்னம் ஈரமாக இருந்தது, சிரிப்பும் வந்தது. பேரம் பேசி அவளைக் குறைத்தது நாராயணப்பன் இல்லை, நர்சரிக்காரர் இல்லை, பாஷையும் இல்லை போலிருக்கிறது... அப்படியென்றால் இத்தனை நாளும் யார். "ஹலோ, இருக்கியா?" என்றாள் அம்மா. "இருக்கேம்மா" என்றாள் தெலுங்கில், அதற்குமேல் நாலாயிரத்து ஐந்நூறு என்பதை அந்தப் பாஷையில் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல்.