செருகாத வண்டி

மேலே போய் விளக்கைப் போட்டால் போடுவதும் நான், பார்ப்பதும் நான் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தபோது, எதிலும் செருகப்படாமல் நின்ற அவளுடைய காரில் சார்ஜ் நாற்பதிலிருந்து நாற்பத்தொன்றாக ஏறியது. வேலை முடிந்து வந்ததும் வீட்டைத் திறக்க மனமில்லாமல், அடுக்ககத்தின் நிலத்தடி நிறுத்தத்தில் காருக்குள்ளேயே உட்கார்ந்திருப்பது அவள் வழக்கம். கணவன் வேறொருத்தியோடு வேறு ஊரில் குடியேறிய பிறகு வந்த வழக்கம் அது. அன்று அவள் இறங்கியபோது அறுபது காட்டியது. நடக்கக்கூடாதது என்று அவளுக்குத் தெரியும். மின்சாரக் கார் கம்பெனியில் தொலைபேசியில் பதில் சொல்வதுதான் அவள் வேலை. மழையில் சார்ஜ் போடலாமா, தாராளமாக. ஏசி போட்டால் தூரம் குறையுமா, கொஞ்சம் குறையும். தினமும் நூறு வரை ஏற்றலாமா, எண்பதோடு நிறுத்தினால் பேட்டரி நீண்ட காலம் உழைக்கும். செருகாமலே ஏறுமா என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. அதனால் அதற்கு அவளிடம் பதிலும் இல்லை.

அந்த அடுக்ககத்துக்குச் சார்ஜ் போட ஒரே ஓர் இணைப்புதான். கார்கள் பெருகப் பெருக அதன் முன்னால் நடந்த சண்டையில், சம்பந்தம் செய்துகொள்ள இருந்த இரண்டு குடும்பங்கள் முகம் பார்ப்பதையே விட்டிருந்தன. அவள் வண்டி மட்டும் வரிசைக்கு வருவதில்லை என்பதை முதலில் கவனித்தவர் இரண்டாம் மாடிப் பல் மருத்துவர். முறை தவறிப்போன ஒரு காலையில், "உங்க வண்டில என்ன பண்றீங்களோ அதை என் வண்டிலயும் கொஞ்சம் பண்ணுங்களேன்" என்று சாவியை நீட்டினார். மரியாதைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, தன்னிடம் வருகிறவர்கள் வாயைத் திறக்கப் படுத்தும் பாட்டைச் சொன்னார். அவள் சிரித்தாள். சார்ஜ் ஏறவில்லை. அவர் டீ குடிக்கப் போனதும் ஏறியது.

விஷயம் எல்லா மாடிக்கும் போனது. ஒவ்வொருவராகச் சாவியோடு வந்து அவளைத் தங்கள் காரில் தனியே உட்காரவைத்தார்கள். ரேடியோ ஓடினால் பாதகமில்லை, தங்கையிடமிருந்து போன் வந்தால் நின்றுவிடுகிறது என்பதையெல்லாம் பழகித் தெரிந்துகொண்டார்கள். கூட்டம் போட்டு, அவளிடம் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது என்று முடிவு செய்தார்கள். மரியாதையில் குறை வைக்கவில்லை. அவள் முதுகுக்கு மெத்தை வாங்கினார்கள். அவள் லிஃப்டில் ஏறினால் சிரித்துவிட்டு இறங்கிக்கொண்டார்கள். காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சியை வாசலில் வைத்து, மணியை அடித்துவிட்டு ஓடினார்கள். ஆரம்பத்தில் தன்னைத் தேடி ஆள் வருகிறதே என்று அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வருடங்கள் போயின. ஒவ்வொரு வருடமும் சார்ஜ் முன்பைவிட வேகமாக ஏறியது. அவள்தான் இருக்கிறாளே என்று அந்த ஒற்றை இணைப்பையும் கழற்றி எறிந்துவிட்டு, அங்கே பழைய சோபாவைப் போட்டார்கள்.

தரைத்தளத்துக்குப் புதிதாகக் குடிவந்த தையல்காரிக்குக் காரும் இல்லை, கூட்டத்துக்குப் போகிற வழக்கமும் இல்லை. வெக்கை தாங்காத ஒரு சாயங்காலம், அடுக்ககச் செயலாளரின் காரில் அவள் உட்கார்ந்திருக்கக் கண்டு கண்ணாடியைத் தட்டினாள்.

"அக்கா, உள்ள ஏசி ஓடுதா?"

பதிலுக்குக் காத்திராமல் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"மிஷின்ல குனிஞ்சு குனிஞ்சு முதுகே போச்சு. ஆமா, இந்தச் சட்டைய யாரு தைச்சது? ஒரு கை உங்களோட வருது, இன்னொண்ணு வரமாட்டேங்குது."

"கடையில வாங்கினது."

"அதானே பார்த்தேன். தைச்சவன் ஆளப் பார்த்திருந்தா இப்படி விடுவானா? கையக் காட்டுங்க."

தையல்காரி தலைப்பில் குத்தியிருந்த ஊசியை எடுத்து, பல்லால் நூலைக் கடித்து, அவள் உடுத்தியிருந்தபடியே தோள் தையலைப் பிரித்தாள். தோளில் பட்ட தையல்காரியின் விரல்கள் சில்லென்றிருந்தன. சார்ஜ் பன்னிரண்டிலேயே நின்றது.

செயலாளர் இறங்கி வந்து எண்ணைப் பார்த்தார். முகம் வாடியது. "என்னம்மா இது, மாப்பிள்ளை ரயில்ல வந்து எறங்கிடுவாரு. இவங்கள மேல போகச் சொல்லுங்க. கொஞ்ச நேரம்தானே."

"எனக்கென்ன சார் தெரியும், யாரும் சொல்லலையே" என்று தையல்காரி ஊசியைத் தலைப்பில் செருகிக்கொண்டு எழப்போனாள்.

இப்போது போனால் இவளுக்கும் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள். நாளை லிஃப்டில் இவளும் சிரித்துவிட்டு இறங்கிக்கொள்வாள். அவள் தையல்காரியின் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"சார், மார்க்கெட் பக்கத்துல வேகமா சார்ஜ் ஏத்துற இடம் இருக்கு" என்றாள், தொலைபேசியில் பேசும் அதே நிதானத்தோடு. "பன்னிரண்டுல அதுவரைக்கும் தாராளமா போகும். எண்பது வரைக்கும் ஏத்திக்கிட்டு நீங்க ஸ்டேஷனுக்குப் போயிடலாம்."

"நீங்க உக்காந்தா இங்கயே ஏறிடுமேம்மா."

"இல்ல சார். தோள் இன்னும் தைச்சு முடிக்கல. நாங்க என் வண்டில போய் உக்காந்துக்கறோம்."