ஒளிப்பதிவு: குணசுந்தரி

1972 ஐப்பசியில், ஆரணி சைதாப்பேட்டையில் பட்டு நூல் வியாபாரி அனந்தராஜ் நயினார் வீட்டுக்குள் மட்டும் பொழுது இறங்காமல் நின்றது. தெருவில் விளக்கு எரிந்தது. அவர் வீட்டுக் கூடத்தில் மஞ்சள் வெயில் சாய்ந்து கிடந்தது. மகள் குணசுந்தரி, உலர்த்திய பட்டு நூலைப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் கேமராவை மூடியதும் இருட்டியது. இருட்டிய பிறகு சாப்பிடாத ஜைனக் குடும்பம். கூடத்து வெயிலைப் பகலாகக் கொள்ளலாமா என்று தாய் அனந்தம்மாள் பெரியவர்களிடம் கேட்டனுப்பினாள். கூடாது என்று பதில் வந்தது. அதன்பின் மகள் கேமராவைத் தொடுமுன் எல்லோரும் சாப்பிட்டு முடித்தார்கள்.

சினிமா ஒளிப்பதிவு படிக்கச் சென்னைக்குப் போகிறேன் என்று அவள் சொன்னபோதுதான் வீட்டில் சண்டை வந்தது.

"ஆம்பளைங்களோட ஊர் ஊரா சுத்திகினு இருந்தா பேர் கெட்டுடும்மா," என்றார் அனந்தராஜ்.

"கேமராவத் தூக்கிகினுதாம்பா போறேன். யாரையும் இழுத்துகினு போகல."

அவர் அன்றோடு மகளிடம் பேச்சை நிறுத்தினார். அவள் பஸ் ஏறினாள்.

படிப்பை முடித்தும் யாரும் அவளிடம் கேமராவைத் தரவில்லை. பெண் தொட்டால் படம் ஓடாது என்றார்கள். ஆறு வருடம் லென்ஸ் பெட்டி சுமந்தாள். 1981இல் தயாரிப்பாளர் தசரதன் படவேட்டில் படம் எடுத்தபோது, ஒளிப்பதிவாளர் முதல் நாளே மஞ்சள் காமாலையில் படுத்துவிட, முழுப் படத்தையும் அவளே எடுத்தாள். ஒவ்வொரு மாலையும் அவள் போதும் என்று சொல்லும்வரை சூரியன் ஜவ்வாது மலைமேல் காத்திருந்தது. விவசாயிகள் அந்த நேரத்தில் கூடுதலாக நாலு சால் உழுதுகொண்டார்கள். கடைசி பஸ்ஸின் கண்டக்டர் மட்டும் கோபித்துக்கொண்டார்.

படம் முடிந்து போட்டுப் பார்த்தபோது, டைட்டிலில் காமாலைக்காரரின் பெயர் இருந்தது.

"பொம்பள பேரு வந்தா படத்த யாரும் வாங்க மாட்டாங்கம்மா. அடுத்த படத்துல பாத்துக்கலாம்," என்றார் தசரதன்.

"அப்ப நான் புடிச்ச வெளிச்சத்த நானே எடுத்துகினு போறேன்," என்று சொல்லி அவள் எழுந்து போனாள்.

மறுநாள் அதே படத்தில் வசனம் கேட்டது, மழை கேட்டது, கதாநாயகி அழுவது கேட்டது. எதுவும் தெரியவில்லை. புரொஜக்டர் விளக்கை மாற்றினார்கள். புதிதாகப் பிரிண்ட் போட்டார்கள். கறுப்பாகவே ஓடியது. 'உதவி ஒளிப்பதிவு' என்று பொடி எழுத்தில் அவள் பெயரைச் சேர்த்ததும் முழங்கால் உயரத்துக்கு வெளிச்சம் வந்தது; பாடல் முழுக்கக் கதாநாயகனின் செருப்புகள் ஆடின. தசரதன் அவள் அறைக்கே வந்தார்.

"பாதி வந்துடிச்சும்மா. மீதியையும் விட்டுடு."

"பேரு முழுசா வந்தா அதுவும் முழுசா வரும் சார்," என்றாள் குணசுந்தரி. எழுந்திருக்கவில்லை.

டைரக்டர் பெயருக்குச் சமமான எழுத்தில் அவள் பெயரைப் போட்டார்கள். படம் பளிச்சென்று நூறு நாள் ஓடியது. அடுத்தடுத்து அவளைத் தேடி வந்தார்கள். பெயரைப் பற்றி யாரும் பேரம் பேசவில்லை.

1986 பொங்கலுக்கு அவளுடைய படமொன்று ஆரணிக்கு வந்தது. ஒரு காட்சி கூடுதலாக ஓட்டுவதற்காக டைட்டிலைக் கத்தரிப்பது ஆபரேட்டர் தனகோடியின் வழக்கம். அன்றும் கத்தரித்தார். மதியக் காட்சியில் திரை இருண்டது. பாட்டு மட்டும் கேட்டது. பெஞ்சில் விசில் பறந்தது. அப்போது பின்வரிசை நாற்காலியிலிருந்து ஒரு வயதானவர் எழுந்து, புரொஜக்டர் அறைப் பக்கம் திரும்பிக் கத்தினார்:

"யோவ், என் பொண்ணு பேரப் போடுய்யா!"

அனந்தராஜ் நயினார். தியேட்டரே அவரோடு சேர்ந்து பேரைப் போடச் சொல்லிக் கத்தியது. தனகோடி குப்பைக்கூடையில் தேடி, கத்தரித்த துண்டை எடுத்து ஒட்டி, முதலிலிருந்து ஓட்டினார். அவள் பெயர் வந்தது, பின்னாலேயே வெளிச்சமும் வந்தது. ஜனங்கள் உட்கார்ந்து படம் பார்த்தார்கள். இடைவேளையில் முறுக்கு நமுத்துப்போயிருந்தது என்று கடைக்காரரிடம் சண்டை பிடித்தார்களே தவிர, வேறு எதைப் பற்றியும் யாரும் பேசவில்லை.